தூசி சார் கண்டெடுத்த பாப்பா

மேஜையைத் துடைத்ததற்காக ஒருவன் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போவதாக மிரட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரிடம்தான் நான் வேலை பார்த்தேன். துடைத்தவனும் நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் சந்தவாசல். ஏசி மெக்கானிக் படித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஒரு வானாய்வுக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். "அங்க ஏற்கெனவே குளிருது. அங்கப் போய் நீ இன்னாத்தக் குளுர வெக்கப் போற?" என்று அம்மா கேட்டார். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒரு காமிராவைக் குளிர வைக்க வேண்டும். ஐஸ் வைத்தெல்லாம் ஆகாது. திரவ நைட்ரஜனைக் காலையிலும் மாலையிலும் அதன் வயிற்றில் ஊற்ற வேண்டும். ஒரு வேளை தவறினாலும் காமிராவுக்குக் கண் அவிந்துவிடும். அந்தக் காமிராவுக்கு எஜமானர்தான் தூசி சார்.

முதல் நாள், நல்ல பெயர் வாங்கலாம் என்று அவர் மேஜையை ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து வைத்தேன். அவர் உள்ளே வந்தார். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. வெளியே நல்ல வெயில்.

"யாருப்பா தொடைச்சது?"

"நான்தான் சார்."

"தூசியைப் பார்த்தா அழுக்குன்னு நினைக்கிறவன் எங்கிட்ட வேலை பார்க்க முடியாது. நீ, நான், இந்த மேஜை, உன் ஊர், எல்லாம் தூசியில பொறந்ததுதான். பெத்தவளைத் தொடைச்சு வெளிய கொட்டிட்டு வந்து நிக்கிறியே, உன் மேல போலீஸ்ல கம்ப்ளைன்ட் கொடுக்கலாம், தெரியுமா?"

போளூர் ஸ்டேஷனில் இதற்கு என்ன பிரிவு போடுவார்கள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. ஆனால் அதே மனிதர், தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி விழுந்துவிட்டால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். வானத்துத் தூசி தெய்வம், கண்ணாடித் தூசி சனியன் என்பது அவர் சித்தாந்தம். மேஜைத் தூசி எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை யாரும் உபயோகிக்கவில்லை. பஸ் கண்டக்டர்கூட, "தூசி சாரு ஏறிட்டாரா? ரைட், போலாம்" என்றுதான் விசில் ஊதுவார். அவர் சிரித்து அதிகம் பேர் பார்த்ததில்லை. மனைவி தவறிப்போன பிறகுதான் மலைக்கு மாற்றல் கேட்டு வந்தார் என்று சொல்வார்கள். குவார்ட்டர்ஸில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. யாராவது பார்க்கப் போனால் அவர் நின்றுகொண்டு பேசுவார்.

அவர் தேடியது என்ன என்பதை எனக்குப் புரியவைத்த இடம் எங்கள் கேண்டீன். கேஸ் தீர்ந்துபோன ஒரு நாள், லட்சுமி அக்கா விறகடுப்பைப் பற்றவைத்திருந்தார். மலைக்காரர். சாமை விதைத்த நிலத்தையும் பார்த்துக்கொண்டு எங்களுக்கும் சமைத்துப் போட்டவர். விறகு ஈரம். சமையலறை முழுக்கப் புகை.

"ஜெயசீலா, உள்ள லட்சுமியம்மா தெரியுறாங்களா?" என்றார் சார்.

"புகைதான் சார் தெரியுது."

"கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டு. அடுப்பு எங்க இருக்குன்னு தெரியுதா?"

தெரிந்தது. சூடு உள்ளங்கையில் பட்டது.

"அவ்வளவுதான் விஷயம். வானத்துல அங்கங்க கரேல்னு இருட்டா திட்டு இருக்கும். அங்க நட்சத்திரமே இல்லைன்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. அது இல்லாத இடமில்லப்பா, தூசி. அதுக்குள்ளதான் நட்சத்திரமெல்லாம் பொறக்குது. சாதாரண வெளிச்சம் தூசியைத் தாண்டி வராது. சிவப்புக்கும் கீழ ஒரு வெளிச்சம் இருக்கு, அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது. அது தாண்டி வந்துடும். நம்ம காமிரா அதைத்தான் பார்க்குது."

"சார், பொகையில நின்னு பேசினா நெஞ்சு அடச்சிக்கும். வெளிய போய் உக்காருங்க" என்றது லட்சுமி அக்காவின் குரல்.

அகச்சிவப்பு படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் சூடான எல்லாமே அவர்களுக்கு விளக்குதான். மனிதர்களும் விளக்குதான். தொலைநோக்கிக் கூடத்துக்குள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் தூசி சாருக்குத் தாங்காது. "ரெண்டு பேர் எரிஞ்சுக்கிட்டு இருக்கீங்க, ஒருத்தர் அணைஞ்சு போங்க" என்பார். அவர் குல்லாவும் சால்வையும் குளிருக்காக இல்லை. தன் உடம்புச் சூடு வெளியே போய் நட்சத்திரங்களுக்குத் தொந்தரவு தரக்கூடாதாம். காய்ச்சலோடு வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியனை வாசலிலேயே நிறுத்தி, "நீ இன்னைக்கு ரொம்பப் பிரகாசமா இருக்கே, வீட்டுக்குப் போ" என்றார். அந்த மனுஷன், சார் தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். டீயை ஆறவைத்து, ஆடை படிந்து, அது பார்க்கவே சகிக்காத நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோகலாம்.

குழாயில் குளிர் எங்கே கசிகிறது என்று பார்க்க, சூட்டைப் படம் பிடிக்கும் ஒரு சின்னக் கைக்காமிரா வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் அதைக் கையில் பிடித்தபடி கேட் பக்கம் வந்தவர், வாட்ச்மேன் முனுசாமியைக் கேட்டார்.

"எங்க இருந்தீங்க?"

"இப்பதான் சார் ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்."

சார் காமிராவைக் காவல் கூண்டுக்குள் இருந்த காலிப் பெஞ்சுப் பக்கம் திருப்பினார். திரையில் தலை, தோள், மடக்கிய முழங்கால் என்று ஓர் ஆள் படுத்த வடிவம் மஞ்சளாக ஜொலித்தது.

"அப்ப இங்க படுத்திருந்தது யாரு?"

முனுசாமி அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் போனப்புறமும் அது இங்கியே கீதே சார்... எதுனா ஆவியா இருக்குமா?" என்றார். அன்றிலிருந்து அவர் அந்தப் பெஞ்சில் படுக்கவே இல்லை. தரையில்தான் படுத்தார்.

இப்போது பாப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே, ரிஷப ராசியின் பக்கம் இருக்கும் ஒரு கருந்திட்டுக்குள் தூசி சார் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்திருந்தார். சாதாரணப் படத்தில் அங்கே எதுவும் கிடையாது. அகச்சிவப்பில் மட்டும் அழுத்தமான சிவப்பாக ஒன்று. தூசிக்குள் இப்போதுதான் பிறந்து, இன்னும் போர்வையை விலக்காத நட்சத்திரம் என்று கட்டுரை எழுதினார். வெளிநாட்டிலும் நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். அவர் வாழ்க்கையில் பேர் சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

லட்சுமி அக்காவுக்கு இது காதில் விழுந்தது. "பேரு வெச்சீங்களா சார்?" என்று கேட்டார். சார் ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு முழ நீளத்துக்குச் சொன்னார்.

"இன்னா சார் இது, ரேசன் கார்டு நம்பரு மாதிரி கீது? புள்ளைக்கு இப்டியா பேரு வெப்பாங்க? எம்மாம் வயசு ஆவுது?"

"ஒரு லட்சம் வருஷம் இருக்கலாம்மா."

"லச்சம் வயசா? அது புள்ளையா?"

"நம்ம சூரியனோட ஒப்பிட்டா, இன்னும் தொப்புள்கொடிகூட விழலைன்னு வெச்சுக்குங்க."

அது அக்காவுக்குப் புரிந்தது. மழை நின்று வானம் திறந்து, அந்தக் கருந்திட்டு சாயங்காலத்தில் கிழக்கே ஏறி வரும் முதல் நாளை அவர் பாப்பாவின் பிறந்தநாள் என்று தீர்மானித்தார். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குக் கேண்டீனில் கேசரி. தூசி சார் அன்று மட்டும் குல்லாவைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவார். நான் நைட்ரஜன் ஊற்றிவிட்டு வந்தால், "பாப்பாவுக்குப் பால் ஊத்திட்டியா?" என்று கேட்பார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் இருக்கும்போதே கேட்பார். எனக்கு மானம் போகும்.

மழைக்காலத்தில் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். மலையில் மாதக்கணக்கில் வானமே கிடையாது. மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து, துணிமணி, தீப்பெட்டி, மனசு என்று எல்லாவற்றையும் ஈரமாக்கிவிட்டுப் போகும். அவர் தன் ஒரே நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் அவரிடம் பேச்சுக் கொடுத்தவன் உலகம் அழியப் போகிறது என்ற முடிவோடுதான் திரும்புவான். எங்களில் பலர் கொடுப்பதில்லை. நான் கொடுத்திருக்கிறேன். எனக்கும் அங்கே வேறு போக்கிடம் இல்லை.

அவர் ரிட்டயர் ஆகும் வருஷம், நித்யா மேடம் வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி. கூடவே ஒரு புதுக் கருவியும் வந்தது. அதற்கும் நான்தான் நைட்ரஜன். பழைய காமிரா படம் மட்டும் எடுக்கும். இந்தக் கருவி அகச்சிவப்பு வெளிச்சத்தையே அக்கு அக்காகப் பிரித்துக் காட்டிவிடும். வந்த நட்சத்திரம் யார், எவர், வயசென்ன எல்லாம் தெரிந்துவிடும்.

"சார், முதல்ல உங்க பாப்பாவையே பார்த்துடலாம்" என்றார் மேடம் சந்தோஷமாக.

"பார்க்கலாம் பார்க்கலாம்" என்றார் சார்.

மறுநாள் காற்று அதிகம் என்றார். மரத்தில் ஓர் இலை அசையவில்லை. அதற்கு அடுத்த நாள் நைட்ரஜன் தரமில்லை என்றார். நைட்ரஜனில் என்ன தரம் என்று நான் விழித்தேன். இன்னொரு நாள் முதுகுவலி. பிறகு ஒரு நாள் கேண்டீனுக்குள் வந்து, லட்சுமி அக்காவின் தினசரிக் காலண்டருக்கு முன்னால் நின்றார்.

"இன்னைக்கு நாள் எப்படிம்மா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கிரகணத்து அன்னிக்கே கூப்ட்டு வெச்சி சோறு துன்ன வெச்ச மனுசன் நீங்க. உங்களுக்கு இன்னா சார் நாளு?"

"சும்மாதான் கேட்டேன்." சற்று நின்றார். "நாளைக்கு?"

அன்று மாலை நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"ஜெயசீலா, புகைக்கு உள்ள ஒருத்தர் நிக்கிறாரு. புகைக்கு அந்தப் பக்கம் தூரத்துல இன்னொருத்தர் நிக்கிறாரு. இந்தப் பக்கம் இருந்து பார்க்கிற நமக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க."

"புரியல சார்."

"தூசிக்குள்ள பொறந்த குழந்தையும் சிவப்பாத் தெரியும். தூசிக்குப் பின்னாடி எங்கயோ நிக்கிற கிழட்டு நட்சத்திரத்தோட வெளிச்சமும் அதே தூசியில வடிகட்டி வரும்போது சிவப்பாத்தான் தெரியும். படத்துல வித்தியாசம் கிடையாது. நான் குழந்தைன்னு எழுதிட்டேன்."

"அந்தப் புதுக் கருவி சொல்லிடுமா சார்?"

"ஒரு நிமிஷத்துல சொல்லிடும்."

"அப்ப பார்த்துட வேண்டியதுதானே சார்?"

"அதாம்ப்பா பயமா இருக்கு" என்றார்.

மேஜையைத் துடைத்ததற்காக என்னை உலுக்கி எடுத்த மனுஷன் இப்படிச் சொல்கிறார். "ஒண்ணும் ஆவாது சார், பாப்பாதான்" என்றேன். நான் ஏசி மெக்கானிக். எனக்கு என்ன தெரியும்?

கடைசியில் நித்யா மேடம்தான் நேராகக் கேட்டார். "சார், நீங்க போனதுக்கப்புறம் நான் அதைப் பார்த்தா நல்லா இருக்காது. நீங்க இருக்கும்போது, நீங்களே பாருங்க." மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த மாலை சூரியன் விழுந்து மேற்கே இன்னும் வெளுப்பு இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டோம். அகச்சிவப்புக்கு முழு இருட்டு வரவேண்டும் என்ற அவசியமில்லை. லட்சுமி அக்கா பிறந்தநாள் இல்லாவிட்டாலும் கேசரி கிண்டத் தொடங்கியிருந்தார். நான் இரண்டு கருவிக்கும் நைட்ரஜன் ஊற்றினேன். சார் அன்று, "பால் ஊத்திட்டியா?" என்று கேட்கவில்லை.

திரையில் என்ன வரவேண்டும் என்று எனக்கு மேடம் முன்பே சொல்லியிருந்தார். பிரித்த வெளிச்சம் ஒரு கோடாக வரும்; பச்சைக் குழந்தையென்றால் அந்தக் கோடு ஓர் இடத்தில் மேடாக எழும்பும். கிழமென்றால் ஓர் ஓரத்தில் கோடு படிக்கட்டாகக் கீழே இறங்கும்.

கோடு வந்தது. மேடு இல்லை. வலது ஓரத்தில் ஒரு படி, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று, எனக்கே புரிகிற அளவுக்குத் தெளிவாக இறங்கியது. அவ்வளவு சுத்தமாக அது வந்திருக்க வேண்டாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான்தானே அந்தக் கருவியைக் குளிர வைத்தேன்.

 மேடம்தான், "சார், இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?" என்றார்.

"ரெண்டாவது தடவை எடுத்தா வயசு குறையுமாம்மா?" என்றார் தூசி சார். குல்லாவைக் கழற்றினார். கூடத்துக்குள் அவர் குல்லாவைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். தலைமுடி எல்லாம் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

கேண்டீனுக்கு வந்தோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா சார், பாப்பா எப்டி கீது?"

"பாப்பா இல்லம்மா. பெரியவரு."

"எம்மாம் பெரியவரு?"

"சூரியனுக்கே தாத்தாவா இருக்கலாம். தூசிக்குப் பின்னாடி, ரொம்பத் தூரத்துல நிக்கிறாரு. நான்தான் குழந்தைன்னு நினைச்சுட்டேன்."

அக்கா கேசரிச் சட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மொதல்லியே சொல்லி இருந்தா சக்கரைய கொறச்சி போட்டிருப்பேனே சார்" என்றார்.

தூசி சார் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், தோள் குலுங்க. நாங்களும் சிரித்தோம். அப்புறம் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது, அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேசரியை அன்று யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை இரண்டு விரலால் டைப் அடித்துக்கொண்டிருந்தார். தன் கட்டுரை தப்பு என்று பத்திரிகைக்கு அவரே எழுதினார். "சார், இப்ப என்ன அவசரம்? நிதானமா எழுதலாமே" என்றார் மேடம். "நான் பேரு வெச்சது. மாத்துறதும் நானே மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியத்தை ஒரு மனிதர் இரண்டு விரலால் அழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. காமிராவுக்கு ஊற்றியாகிவிட்டது என்று தெரிந்தும், ஊற்றப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அவருக்கு ஒதுக்கிய நேரத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? வேறு எதையும் பார்க்கவில்லை. தினம் சாயங்காலம் பழைய காமிராவை அந்தக் கருந்திட்டுக்கே திருப்பி, அதே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதால இன்னா சார் பிரயோஜனம்?" என்று நான் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணுமில்ல. அவரு என்னை ஏமாத்தலையே ஜெயசீலா. அவரு பாட்டுக்கு அங்க நின்னுக்கிட்டு இருந்தாரு. குழந்தைன்னு கூப்பிட்டது நான். கிழவர்னு தெரிஞ்ச மறுநாளே முகத்தைத் திருப்பிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

கடைசி நாள் போளூர் பஸ்ஸில் ஏற்றிவிட நான், லட்சுமி அக்கா, முனுசாமி மூன்று பேர் போனோம். ஒரு பெட்டி, ஒரு பை. முனுசாமி அழுதது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்டக்டர், "தூசி சாரு, எப்ப ரிட்டனு?" என்று கேட்டார். சார் ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

இப்போது ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது சாயங்காலம் ஃபோன் வரும். உடம்பு எப்படி என்று நான் கேட்டால் அதற்குப் பதில் வராது. "பெரியவர் எப்படி இருக்காரு?" என்பார். அந்தக் கிழட்டு நட்சத்திரத்தைப் பார்க்க இங்கே யாரும் நேரம் கேட்பதில்லை. அதனால் யாருக்கும் லாபமில்லை. நான் நைட்ரஜன் ஊற்றுகிறவன், தொலைநோக்கியை என் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே வந்து மேலே பார்ப்பேன். என் கண்ணுக்கு அங்கே இருட்டு மட்டும்தான் தெரியும். கோடையில் அந்தப் பக்க வானமே பகலோடு பகலாகப் போய்விடும். அப்போதும் கேட்பார், அப்போதும் பார்ப்பேன்.

"நல்லா இருக்காரு சார்" என்பேன்.

கண்ணுக்குத் தெரியாமலே சொல்வதுதான். அந்தப் பெரியவர் எப்படியும் இருந்துகொள்வார், இன்னும் எத்தனையோ கோடி வருஷம் இருப்பார். எனக்கு ஃபோனில் பேசுகிற பெரியவர் இருக்க வேண்டும். அதனால் அவர் ஃபோனை வைப்பதற்குள், "நீங்க சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டுவிடுவேன்.